நெஞ்சுக்குள் நீர்: எடுத்துவிட்டால் முடிந்ததா?

"நெஞ்சுக்குள்ளை நிண்ட தண்ணியை எடுத்துப்போட்டினம். இப்ப மூச்சு நல்லா வருது. பிறகேன் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு?"

இப்படிக் கேட்டவர் வவுனிக்குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல் செய்யும் ஒரு கமக்காரர். மல்லாவியில் அவருடைய வீட்டு முற்றத்தில் இருந்துதான் நாம் பேசிக்கொண்டிருந்தோம். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கு அவரை அண்ணை என்றே குறிப்பிடுகிறோம்.

எம்மில் பலருடைய கதைதான் அவருடையதும். பரந்தன் பக்கத்தில் பிறந்தவர். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் படையினரிடம் வீழ்ந்தபோது, பல்லாயிரம் குடும்பங்களோடு அவரும் மல்லாவிக்கு வந்து சேர்ந்தார். இங்கேயே கலியாணம் செய்து காடு வெட்டிக் கமம் செய்தார். 2008இல் போர் மல்லாவியையும் துணுக்காயையும் நெருங்கியதும் மீண்டும் மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கு நோக்கி நடந்தார். 2009இல் மனிக் பாம் முகாமின் தறப்பாள் கொட்டிலில் கிடந்தார். பின்னர் மல்லாவிக்குத் திரும்பி எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கினார்.

சென்ற காலபோக அறுவடைக்குப் பிறகு அவருக்கு இடது விலாவில் குத்துத் தொடங்கியது. ஆழமாக மூச்சு எடுத்தால் ஊசி குத்துவதுபோல இருந்தது. மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் பூசினார். மருந்துக்கடையில் நோவுக் குளிசை வாங்கிப் போட்டார். இரண்டு வாரத்தில் குத்துக் குறைந்தது, ஆனால் மூச்சு வாங்கத் தொடங்கியது. பின்னேரங்களில் மெல்லிய காய்ச்சல். இரவில் சறம் நனையும் வியர்வை. சாப்பாட்டில் மனமில்லை. வரம்பில் நடந்து துருசடிக்குப் போவதற்குள் இரண்டு தரம் குந்தியிருக்க வேண்டியதாயிற்று.

வைத்தியசாலையில் வைத்தியர் முதுகைத் தட்டிப் பார்த்தார். எக்ஸ்றே எடுத்தார்கள். இடப்பக்க நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. ஊசி வைத்து ஒரு லீற்றருக்கு மேல் எடுத்தார்கள். அன்றிரவே அண்ணை நிம்மதியாகப் படுத்தார். மாதிரியைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும் முடிவைப் பார்க்க வரும்படியும் திகதி எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் திகதியில் வயலுக்குத் தண்ணீர் திறந்தார்கள். அண்ணை வயலுக்குப் போனார்.

அவரைத் திருப்பி அனுப்பியவர், பேரப்பிள்ளையின் நிறை பார்க்க வீட்டுக்கு வந்த குடும்பநல மாது.

"அண்ணை, சோதினை முடிவு பாத்தனீங்களோ?"

"நீர் போட்டுது பிள்ளை. இப்ப சுகம்."

"தண்ணி போனது சரி. அது ஏன் வந்ததெண்டு ஆர் சொன்னது?"

இக்கட்டுரை முழுவதும் இந்தக் கேள்வியைப் பற்றியதே.

நீர் நோயல்ல, அடையாளம்

எமது நுரையீரலை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. நெஞ்சுக்கூட்டின் உட்பக்கத்திலும் அதே சவ்வு ஒட்டியிருக்கிறது. இந்த இரண்டு படைகளுக்கும் இடையே சில தேக்கரண்டி அளவு நீர் எப்போதும் இருக்கும். நாம் மூச்செடுக்கும்போது இரண்டும் உராயாமல் வழுக்கிச் செல்ல அது உதவுகிறது. இந்நீர் ஒரு பக்கத்தால் ஊறிக்கொண்டே இருக்கும், மறுபக்கத்தால் வடிந்துகொண்டே இருக்கும். ஊற்று மிகுந்தாலோ வடிகால் அடைபட்டாலோ நீர் தேங்கும். தேங்கிய நீர் நுரையீரலை நெருக்கும். மூச்சு முட்டும்.

வயலில் தேவையில்லாமல் தண்ணீர் நின்றால் எந்தக் கமக்காரரும் வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போகமாட்டார். "எங்கே இருந்து வருகிறது?" என்றே முதலில் தேடுவார். குளம் நிறைந்து வாய்க்கால் முட்டி வழிகிறதா, வரம்பை நண்டு துளைத்துவிட்டதா, வடிகாலில் மண் சரிந்து கிடக்கிறதா என்று பார்ப்பார். காரணத்துக்கு ஏற்பவே வேலை செய்வார்.

வைத்தியரும் அவ்வாறே முதலில் இரண்டு வகையாகப் பிரிக்கிறார். ஒன்று, சவ்வில் பழுதில்லை, ஆனால் உடம்பின் வேறு இடத்தில் அழுத்தம் கூடியோ இரத்தத்தில் புரதம் குறைந்தோ நீர் கசிகிறது. இருதயம் களைத்துப்போனவர்களுக்கும், ஈரல் சுருங்கியவர்களுக்கும், சிறுநீரக நோயாளருக்கும் வருவது பெரும்பாலும் இவ்வகை. வாய்க்கால் முட்டி வழிவதைப் போன்றது. மற்றது, சவ்வே நோயுற்று அதன் வழியாக நீர் ஊறுவது. காசநோய், நியூமோனியா, புற்றுநோய் முதலியவற்றால் வருவது இவ்வகை. வரம்பு உடைந்ததைப் போன்றது.

இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? அமெரிக்க வைத்தியர் ரிச்சட் லைற்றும் அவருடைய சகாக்களும் 1972இல் ஓர் எளிய அளவுகோலை வெளியிட்டார்கள். நெஞ்சு நீரில் உள்ள புரதத்தை இரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒப்பிடுவது அது. நீரில் உள்ளது இரத்தத்தில் உள்ளதன் பாதிக்கு மேல் இருந்தால் சவ்வு நோயுற்றிருக்கிறது என்று கொள்வார்கள். எல்.டி.எச். என்ற நொதியத்தையும் இவ்வாறு ஒப்பிடுவார்கள். உலகெங்கும் இன்றும் இதுவே முதற்படி. "நெஞ்சில் நீர் எடுத்த பிறகு கையில் ஏன் இரத்தம் எடுக்கிறார்கள்?" என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. ஒப்பிடுவதற்குத்தான்.

தட்டிப் பார்த்தே அறியும் கலை

கருவிகள் வருவதற்கு முன் வைத்தியரின் கையும் காதும் வருகின்றன. முதுகில் ஒரு விரலை வைத்து மறுகை விரலால் தட்டும்போது, காற்று உள்ள இடம் முழங்கும், நீர் உள்ள இடம் மந்தமாக ஒலிக்கும். எண்ணெய்ப் பரலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நாம் தட்டிப் பார்ப்பதில்லையா? அதே வழிதான். 1761இல் இந்த முறையை எழுதி வெளியிட்ட ஒஸ்திரிய நாட்டு வைத்தியர் அவென்புறுகர், விடுதி நடத்தியவர் ஒருவரின் மகன். வைன் பீப்பாக்களைத் தட்டி அளவு பார்ப்பதைச் சிறுவயதில் கண்டே இதைக் கற்றார் என்று சொல்லப்படுகிறது. 1816இல் பிரெஞ்சு வைத்தியர் லெனெக் நெஞ்சின் ஒலியைக் கேட்கும் குழாயைக் கண்டுபிடித்தார். நெஞ்சு நோய்களை அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த அவரையே 1826இல் காசநோய் கொண்டுபோயிற்று.

தட்டலுக்குப் பிறகு எக்ஸ்றே. நின்ற நிலையில் நேராக எடுக்கும் படத்தில் நீர் தெளிவாகத் தெரிவதற்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் தேங்கியிருக்க வேண்டும். அதனிலும் குறைந்த அளவை ஸ்கான் காட்டிவிடும். எவ்விடத்தில் ஊசி வைத்தால் பாதுகாப்பு என்பதையும் ஸ்கானே காட்டும்.

ஆனால் எக்ஸ்றேயால் நீர் இருப்பதை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும். ஏன் வந்தது என்பதை அதனால் அநேகமாகச் சொல்ல முடியாது. அண்ணையின் ஒழுங்கையிலேயே வசிக்கும் ஆச்சி ஒருவருக்கும் அதே மாதங்களில் நெஞ்சில் நீர் கட்டியது. படத்தில் அதே வெள்ளை. ஆனால் ஆச்சிக்கு இரு பக்கமும் நீர் இருந்தது. காய்ச்சல் இல்லை. கால் வீங்கியிருந்தது. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டி எழும்பி இருப்பார். அவருக்குக் களைத்திருந்தது இருதயம். இருதயத்துக்கும், மேலதிக நீர் சலமாகப் போவதற்கும் மருந்து கொடுத்தார்கள். ஊசி வைக்காமலே நீர் வற்றியது. இப்படிக் காரணம் தெளிவாக இருக்கும் இடத்தில் வைத்தியர்கள் பெரும்பாலும் ஊசியைத் தொடுவதில்லை.

அண்ணையின் மருந்தை ஆச்சிக்கும், ஆச்சியின் மருந்தை அண்ணைக்கும் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இருவருமே குணமடைந்திருக்க மாட்டார்கள். "அவருக்குக் கொடுத்த குளிசை எனக்கும் சரிவரும்" என்று நாம் அயலில் கேட்டு வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஊசிக்குப் பயம்

நெஞ்சில் ஊசி என்றால் எவருக்கும் பயம் வரும். "ஊசி வைச்சால் சுவாசப்பை ஓட்டையாப் போகும்" என்று பயந்து கையெழுத்து வைக்காமல் வீடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்.

நோயாளியைக் கட்டிலின் ஓரத்தில் இருத்தி, முன்னால் மேசையில் தலையணை வைத்து, அதன்மேல் கைகளை ஊன்றிக் குனியச் சொல்வார்கள். முதுகில் ஓரிடத்தைத் துப்புரவாக்கி விறைப்பு ஊசி போடுவார்கள். பின்னர் விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியைச் செலுத்துவார்கள். விலாவின் கீழ் விளிம்பில் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுவதால்தான் மேல் விளிம்பு. சோதனைக்கு 50 மில்லிலீற்றர் அளவு பொதுவாகப் போதும். மூச்சுமுட்டைத் தணிப்பதற்காக எடுத்தாலும் ஒரே தடவையில் ஒன்று முதல் ஒன்றரை லீற்றருக்கு மேல் எடுப்பதைத் தவிர்ப்பார்கள். நெருங்கிக் கிடந்த நுரையீரல் சடுதியாக விரிந்தால் அதுவும் கெடுதி.

ஊசி வைத்திருக்கும்போது இருமல் வந்தாலோ நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே சொல்ல வேண்டும். சிலருக்குச் சவ்வுகளுக்கு இடையே காற்றுப் புகுந்துவிடுவதுண்டு. அதனால்தான் ஊசிக்குப் பிறகு சிறிது நேரம் இருக்கச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் மூச்சுமுட்டு கூடினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த நீர் என்ன சொல்கிறது?

எடுத்த நீரின் நிறமே ஒரு செய்தி. வைக்கோல் நிறத் தெளிநீர் பல நோய்களில் வரும். சீழாக இருந்தால் கிருமி உள்ளே குடிகொண்டுவிட்டது. ஊசி போதாது, குழாய் வைத்து வடிக்க வேண்டும். இரத்தம் கலந்திருந்தால் புற்றுநோய், காசநோய், அடிகாயம், நுரையீரலில் இரத்தக்கட்டி ஆகியவற்றை நினைக்க வேண்டும். பால்போல வெளுத்திருந்தால் நெஞ்சுக்குள் கொழுப்பைக் கொண்டுசெல்லும் நாளம் பழுதுபட்டிருக்கலாம்.

பின்னர் ஆய்வுகூடம். எந்த வகை உயிரணுக்கள் மிகுந்திருக்கின்றன என்று எண்ணுவார்கள். கிருமி வளர்கிறதா என்று வளர்ப்புச் சோதனை செய்வார்கள். புற்றுநோய் உயிரணுக்களைத் தேடுவார்கள். ஏ.டி.ஏ. என்ற நொதியத்தின் அளவு 40க்கு மேல் இருந்து, நிணநீர் உயிரணுக்களும் மிகுந்திருந்தால், எமது நாடு போன்ற இடங்களில் காசநோய் என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் சீழ் கட்டியவர்களுக்கும் அந்த அளவு கூடுவதுண்டு. ஆகவே ஒரு இலக்கத்தை மட்டும் வைத்து வைத்தியர் முடிவு சொல்வதில்லை. இவற்றுக்குப் பிறகும் தெளிவில்லாவிட்டால் சவ்விலிருந்து நெல்மணி அளவு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பார்கள்.

ஒரு சோதனையின் முடிவு வர ஒரு நாள், மற்றொன்றுக்குச் சில வாரங்கள். காசநோய்க் கிருமி வளர்வதற்கு ஆறு முதல் எட்டு வாரம்கூடப் பொறுக்க வேண்டியிருக்கும். "இன்னும் முடிவு வரேல்லை" என்று வைத்தியசாலை சொல்வது எப்போதும் கவலையீனமல்ல. சில விதைகள் முளைக்கக் காலம் எடுக்கின்றன.

"சளியில் ஒன்றுமில்லை" என்றால் காசநோய் இல்லையா?

எமது முதியவர்கள் கசம் என்றும் சயரோகம் என்றும் சொன்ன காசநோயே, எமது நாட்டில் ஒரு பக்க நெஞ்சில் நீர் கட்டுவதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று. இரத்தம் துப்பினால்தான் கசம் என்று நாம் எண்ணியிருக்கிறோம். ஆனால் சவ்வில் வரும் காசநோயில் இரத்தம் வராது, பலருக்குச் சளியே வராது. சளியைச் சோதித்தாலும் பெரும்பாலும் கிருமி தெரியாது. நெஞ்சு நீரை நேரே நுண்ணுக்குக்காட்டியில் பார்த்தாலும் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே கிருமி அகப்படும். நீரில் கிருமிகள் மிகச் சில. உடம்பு அவற்றோடு போராடுவதால் ஊறுவதே அந்த நீர். ஆகவே ஒரு சோதனையில் "இல்லை" என்று வந்ததும் கதை முடிந்துவிடுவதில்லை.

இதனிலும் பெரிய பொறி ஒன்று உண்டு. காசநோயால் கட்டிய நீர், மருந்து எதுவும் இல்லாமலே இரண்டு முதல் நான்கு மாதங்களில் தானாக வற்றிவிடக்கூடும். காய்ச்சலும் விட்டுவிடும். ஆள் தேறிவிட்டதாகவே தோன்றும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், காசநோய்க்கு மருந்து இல்லாத நாட்களில், இவ்வாறு நீர் கட்டிய அமெரிக்கப் படையினர் 141 பேரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 1955இல் வெளிவந்தது. அந்த 141 பேரில் 92 பேருக்கு, அதாவது மூன்றில் இருவருக்கு, அடுத்து வந்த ஆண்டுகளில் காசநோய் முற்றி வெளிப்பட்டது. நீர் வற்றியது, நோய் வற்றவில்லை.

"நீர் போட்டுது, சுகம்" என்று அண்ணை சொன்னது எவ்வளவு ஆபத்தான சுகம் என்பது இப்போது விளங்கும்.

காசநோய்க் கிருமி உடம்பில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, உடம்பு தளரும்போது எழும்பும். போதிய உணவில்லாமல், காற்றோட்டமில்லாத நெருக்கமான கொட்டில்களில் பல குடும்பங்கள் ஒன்றாகக் கிடந்த காலங்கள் எமக்கு உண்டு. அண்ணைக்கு எங்கே தொற்றியது என்று எவராலும் சொல்ல முடியாது. பரந்தனாக இருக்கலாம், மனிக் பாமாக இருக்கலாம், சென்ற வருடம் ஏறிய பஸ்ஸாகவும் இருக்கலாம். இடம்பெயர்ந்த எமக்கு இந்த நோய் வருவது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய விடயம்.

வன்னியில் நினைவில் வைக்க வேண்டிய வேறு காரணங்கள்

காசநோயை மட்டும் நினைத்துக்கொண்டிருப்பதும் தவறு. வவுனியா உட்பட எமது பிரதேசத்தில் கமக்காரரிடையே சிறுநீரக நோய் பரவலாக உள்ளது. முகமும் காலும் வீங்கி நெஞ்சிலும் நீர் கட்டினால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். குடியால் ஈரல் கெட்டவர்களுக்கு வயிற்றில் நீர் கட்டி, பின்னர் பெரும்பாலும் வலப்பக்க நெஞ்சிலும் கட்டும்.

சேற்றிலும் வயல் நீரிலும் வாழும் ஒரு கிருமியால் மெலியோய்டோசிஸ் என்ற நோய் வருகிறது. இலங்கையில் இது முன்னர் எண்ணியதைவிடப் பரவலாக உள்ளது என்பது அண்மைக் காலத்திலேயே தெளிவாகியது. மழைக்காலத்தில் வயலில் இறங்குவோருக்கும், குறிப்பாகச் சலரோகம் உள்ளவர்களுக்கும் இது தொற்றும். பார்வைக்குக் காசநோயைப் போலவே தோன்றும். ஆனால் மருந்து முற்றிலும் வேறு. வளர்ப்புச் சோதனைதான் இதைப் பிரித்துக் காட்டும். ஆகவே "நான் கமம் செய்யிறன், சேத்துக்குள்ளை நிக்கிறனான், சலரோகமும் இருக்கு" என்று வைத்தியரிடம் நாமாகவே சொல்ல வேண்டும்.

டெங்குக் காய்ச்சலிலும், காய்ச்சல் விடும் வேளையில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நெஞ்சில் சேரும். அதை ஊசியால் எடுப்பதில்லை. நோயாளியை வைத்தியசாலையில் வைத்துக் கண்காணிப்பதே வைத்தியம். வயதானவர்களில், அதிலும் நீண்டகாலம் புகைத்தவர்களில், எடுக்க எடுக்க நீர் திரும்பத் திரும்பக் கட்டினால் புற்றுநோயைத் தேட வேண்டும். புற்றுநோய் இருந்தாலும் முதல் தடவை எடுத்த நீரில் பத்தில் ஆறு பேருக்கே அது தெரியவரும். ஆகவே இரண்டாம் தடவை கேட்டால் மறுக்கக் கூடாது.

எம்மவர்களுக்கே உரிய இன்னொரு செய்தியும் உண்டு. ஷெல் துண்டோ சன்னமோ நெஞ்சுக்குள் இருக்குமானால் அதை மறைக்க வேண்டாம். பழைய காயத்தின் தழும்பு எக்ஸ்றேயில் வேறு நோயைப் போலத் தோன்றலாம். எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கான் எடுப்பதற்கு முன்னர் உடம்பில் இரும்புத் துண்டு இருப்பதைச் சொல்லாமல் விடுவது உயிருக்கே ஆபத்து.

கடதாசிகளைக் காப்பாற்றுவோம்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் ஷொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடின. அந்தப் பைக்குள் வைத்தியக் கடதாசிகளுக்கும் இடம் வேண்டும். பழைய எக்ஸ்றே படம் ஒன்று இருந்தால் புதிய படத்தோடு ஒப்பிட்டு நோய் புதிதா பழையதா என்று வைத்தியர் சொல்லிவிடுவார். அது இல்லாவிட்டால் எல்லாச் சோதனைகளும் முதலில் இருந்து தொடங்கும்.

வைத்தியசாலையை விட்டு வெளிக்கிட முன்னர் பின்வரும் கேள்விகளைக் கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

1. எந்தப் பக்கத்தில், எவ்வளவு நீர் எடுத்தார்கள்? என்ன நிறம்?
2. என்னென்ன சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்? எந்த ஆய்வுகூடத்துக்கு?
3. முடிவுகள் எப்போது வரும்? எந்த அறையில், எவரிடம் கேட்க வேண்டும்?
4. வைத்தியர் எந்தக் காரணத்தைச் சந்தேகிக்கிறார்?
5. அடுத்த எக்ஸ்றே எப்போது?

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. "ஐயா, இந்த நீர் ஏன் வந்தது?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டாலும் போதும். பதில் தெரியாவிட்டால், "தெரியவர என்ன செய்ய வேணும்?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

மூச்சுமுட்டு சடுதியாகக் கூடினாலோ, உதடு நீலித்தாலோ, குளிர் நடுக்கத்தோடு கடும் காய்ச்சல் வந்தாலோ, இரத்தம் துப்பினாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

ஆறு மாத மருந்து

அண்ணை மனைவியோடு திரும்பிப் போனார். முடிவுகள் காசநோயைக் காட்டின. மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பதிந்து மருந்து தொடங்கினார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு வகை. அரசாங்க நிலையங்களில் எல்லாம் இலவசம். 1990களில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் தடை இருந்த வன்னியை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

வீட்டில் இருந்தே இம்மருந்தை எடுக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியது சென்னை. 1956இல் அங்கு தொடங்கிய ஆய்வில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளரில் ஒரு பகுதியினரை நல்ல உணவும் ஓய்வும் உள்ள மருத்துவமனையிலும், மறுபகுதியினரை நெருக்கமான தமது சொந்த வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள் என்று 1959இல் அறிவிக்கப்பட்டது. மருந்தை ஒழுங்காக எடுப்பதே முக்கியம் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு தேறும். அப்போது நிறுத்த மனம் வரும். நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பின்னர் அதே மருந்து கேட்காது. மருந்தினால் சலம் செம்மஞ்சளாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கண் மஞ்சளித்தாலோ, தொடர்ந்து சத்தி எடுத்தாலோ, பார்வை மங்கினாலோ மருந்தை நிறுத்திவிட்டு அன்றே நிலையத்துக்குப் போக வேண்டும். வெள்ளத்தாலோ வேலையாலோ இடம் மாற நேர்ந்தால் சிகிச்சை அட்டையைக் கொண்டு போங்கள். எந்த மாவட்டத்திலும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். வீட்டில் உள்ளவர்களையும், முக்கியமாகச் சிறு பிள்ளைகளையும், சோதிக்கக் கூட்டிச் செல்லுங்கள்.

நாம் விடைபெற எழும்பியபோது அண்ணை தமது கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நாள் தவறாமல் புள்ளடி போட்டிருந்தார். முன்னர் கேட்ட அதே கேள்வியை நாம் அவரிடமே திருப்பிக் கேட்டோம்: "தண்ணியை எடுத்தாச்சு, பிறகேன் ஆஸ்பத்திரிக்கு?"

அவர் சிரித்தார். "தண்ணி வந்த வழியை அடைக்க வேணுமெல்லோ" என்றார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ எவருக்காவது நெஞ்சில் நீர் எடுத்திருந்தால், அது ஏன் வந்தது என்று இன்றைக்கே கேளுங்கள். விடை அவர்களுக்குத் தெரியாவிட்டால், அவர்களோடு கூட ஒருவராவது வைத்தியசாலைக்குப் போய் வாருங்கள். ஒரு நாள் வேலை கெடலாம். ஒரு குடும்பம் காப்பாற்றப்படும்.